ஆரஞ்சுப் பெயின்ட் அடித்த வேலி

வெர்னா டோலெஃப்சன் ஆணி வாங்கினால் கடையிலேயே நின்று எண்ணிப் பார்ப்பாள். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டாரோ என்று பல் டாக்டர் மேல் சந்தேகப்பட்டு, பிடுங்கிய பல்லைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் நின்று திருப்பித் திருப்பிப் பார்த்தவள் அவள். "எம்பொண்டாட்டி தன் நிழலையே ரெண்டு தரம் திரும்பிப் பாப்பா" என்று மதுக்கடையில் அவள் புருஷன் ஓரின் சொல்லிச் சிரிப்பான். அதையும் ஒருவர் அவள் காதில் போட்டார். அவர் எதற்காக அதைத் தன்னிடம் வந்து சொன்னார் என்று அவள் ஒரு மாதம் யோசித்தாள்.

மொன்டானாவில் கோல்டர் பள்ளத்தாக்குதான் அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும். மாட்டுப் பண்ணை. ஒருகாலத்தில் இலை பழுக்கும் பருவம் வந்தால் ஊர்க்காரர்கள் அவள் வீட்டுக் கதவைத் தட்டி, "எல்க் சுடப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு மலையேறுவார்கள். எல்க் என்பது குதிரை உயரம் நிற்கும் மான். சுட்டவன் இறங்கி வரும்போது ஒரு தொடைக் கறியை அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அதுதான் அங்கே மரியாதை. இன்னொரு மரியாதையும் உண்டு: சாத்தியிருந்த கேட்டைச் சாத்திவிட்டுப் போக வேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடி விட வேண்டும்.

ஓரின் செத்த வருஷம் மேல் கேட்டை யாரோ திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். மாடுகள் நெடுஞ்சாலைக்கு இறங்கின. இரண்டு சினைமாடுகள் லாரியில் அடிபட்டுச் செத்தன. அன்று மலையேறியவன் ஆர்லோ விக் ஒருவன்தான். "சத்தியமா சாத்திட்டுத்தான் வந்தேன்க்கா" என்றான். திருடன் என்றைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளே வேலித் தூண்களுக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்தாள். அந்த நிறத்தைப் பார்த்தால் வேட்டைக்காரன் உள்ளே கால் வைக்கக் கூடாது, அது சட்டம். ஒன்பது வருஷமாக ஒவ்வொரு இலையுதிர்காலமும் தன் கையாலேயே பெயின்ட் அடித்து வந்தாள். ஆளை வைத்து அடித்தால் ஒரு தூணை வேண்டுமென்றே விட்டுவிடுவான் என்பது அவள் எண்ணம்.

இந்த வருஷம் முதல் பனி விழுந்த கையோடு மான்கள் அவளுடைய புல் போரில் வாய் வைத்தன. கோடையெல்லாம் அறுத்து, உலர்த்தி, கட்டி அடுக்கிய புல். ஒரு பக்கம் குகை மாதிரி குடைந்துவிட்டன. மிச்சத்தின் மேல் மூத்திரம் பெய்து மாடு முகர்ந்துகூடப் பார்க்காதபடி செய்துவிட்டன. போர் போனால் மாடுகள் குளிர்காலத்தைத் தாண்டாது. மாடுகளை விற்க வேண்டும். மாடில்லாமல் வெர்னா யார்?

அவளுக்குக் குற்றவாளி யாரென்று தெரியும். வடக்கே பெரிய பண்ணையை வாங்கியிருக்கும் கலிஃபோர்னியாக்காரன் லூமிஸ். பணக்காரச் சிநேகிதர்கள் கொம்பனை, அதாவது ஆண் மானை, சுட வருவதற்காக, மான் நக்கும் உப்புக்கட்டி போட்டு மான்களை மலையிலிருந்து இறக்கி வைத்திருக்கிறான் என்று ஊரே பேசியது. அது சட்டப்படி குற்றம். வேட்டைத்துறை அதிகாரி டெல் ஹாஸ்கின்ஸ் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னாள்.

"போய்ப் பாத்தேன்மா. உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான் டெல்.

"அவங்கிட்டச் சொல்லிட்டுப் போனா அள்ளி மறைக்க மாட்டானா? சரி, எம்போரைச் சுத்தி உயரமா வேலி போட்டுக் குடு. உங்க மான்தானே தின்னுச்சு."

"வேட்டைக்கு வழி விடாதவங்களுக்கு வேலி குடுக்க விதி இல்லம்மா. இந்தப் பள்ளத்தாக்கு தாங்கறதப்போல ரெண்டு மடங்கு மான் இருக்கு. கொம்பனைச் சுட்டு மந்தை கொறையாது, பெட்டையைச் சுடணும். அதுக்குத்தான் வருஷா வருஷம் வேட்டைச் சீட்டை அள்ளிக் குடுக்கறோம். சீட்டு வாங்கினவன் அரசுக் காட்டுல நாள் பூரா நடந்துட்டு வெறுங்கையோட திரும்பறான். மான் இருக்கிற எடத்துக்கு வழி இல்ல, வழி இருக்கிற எடத்துல மான் இல்ல."

"லூமிஸ் நெலத்துல இருக்கு. அங்க போய்ப் பேசு."

டெல் ஏதோ சொல்ல வாயெடுத்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். எவ்வளவு வாங்கினானோ என்று நினைத்தாள். வேலியே பயிரை மேய்கிற கதை.

சீசன் திறக்கும் அன்று விடியலில், லூமிஸ் நிலத்துக்கும் தன் நிலத்துக்கும் நடுவிலிருந்த மேட்டில் ஏறி, பைனாகுலரோடு குப்புறப் படுத்தாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பார்த்தால், லூமிஸ் நிலத்தில் ஊர்ப் பையன்கள்! வேட்டைக்காரர் போடும் ஆரஞ்சு மேல்சட்டையோடு அங்கங்கே நின்றார்கள். எவன் இவர்களை உள்ளே விட்டது? யோசித்து முடிப்பதற்குள் வெடிச் சத்தம். மந்தை மொத்தமும் பனியைக் கிளப்பிக்கொண்டு ஓடி வந்தது. அவளுடைய வேலியைத் தாவியது.

தாவியதும் ஓட்டத்தை விட்டது. அவள் பெயின்ட் அடித்த தூணுக்கு இந்தப் பக்கம் வந்ததும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீட்டு வாசலைக் கண்டதுபோல, நடந்தன. ஒன்று குனிந்து மேய்ந்தது. ஒன்று படுத்தே விட்டது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லூமிஸ்தான்; அவன் கையிலும் பைனாகுலர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்" என்றான். "நீங்கதான் புல்லைப் போட்டு இதுங்களை வளக்கறீங்கன்னு ஊர்ல சொன்னாங்க. பசங்களைச் சுட உள்ள விட்டா எல்லாம் உங்க பக்கம் ஓடிடுது. அதான் பாக்க வந்தேன்."

"நானா? எவன் சொன்னான்?"

"எல்லாரும்."

"அடப்பாவிங்களா, நீதான் உப்பு வெக்கிறேன்னு எங்கிட்டச் சொன்னானுங்க!"

லூமிஸ் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. டெல் சொல்ல வந்து விழுங்கியது என்னவென்று இப்போது புரிந்தது. பள்ளத்தாக்கில் வெடி கேட்காத ஒரே நிலம் அவளுடையது. மந்தை வளர்ந்தது அவள் மடியில்.

வீட்டுக்குப் போய் டெல்லுக்குப் போன் போட்டாள். பெட்டைக்கு மட்டும் அனுமதி. ஒரு நேரத்தில் ஓர் ஆள். கூட அவள் நடப்பாள். கேட்டுச் சாவி அவளிடமே இருக்கும். "யாரை வேணா அனுப்பு" என்றாள். டெல்லுக்குக் குசும்பு அதிகம். மறுநாள் வாசலில் வந்து நின்றவன் ஆர்லோ விக்.

"நீங்க வேணாம்னா போயிடறேன்க்கா."

"முன்னால நட. என் கண்ணுக்குத் தெரியற மாதிரி நட."

மேல் கேட்டின் பூட்டைத் திறந்து, இருவரும் ஓடைக்கரை வழியாக ஏறினார்கள். மந்தை வில்லோப் புதர்களுக்குப் பக்கத்தில் நின்றது. ஆர்லோ மண்டியிட்டான். ஒரு காது கிழிந்த கிழட்டுப் பெட்டை தலை தூக்கிப் பார்த்தது. வெர்னாவுக்கு அதைத் தெரியும். எத்தனையோ குளிர்காலமாக அவள் மாடுகளுக்குப் புல் போடும்போது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெட்டை. அது அவளையே பார்த்தது. அசை போட்டபடி பார்த்தது.

"ஓடவே மாட்டேங்குதே" என்று ஆர்லோ கிசுகிசுத்தான். "வெடி தெரியாத குட்டியா இது? காட்டுல மனுஷ வாசனை பட்டாலே பறந்துடும்."

"ஓடாது" என்றாள் வெர்னா. "நான் கூட இருக்கேன்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஒரு மனுஷனையும் நம்பாமல் அறுபது வருஷம் ஓட்டியவளை இத்தனை உயிர்கள் நம்பிக்கொண்டு நிற்கின்றன. "வேண்டாம், எந்திரி" என்று சொல்ல நாக்கு வரை வந்தது. மாடுகளை நினைத்தாள்.

"சுடு" என்றாள்.

பெட்டை முன்னங்கால் மடங்கி விழுந்தது. மற்றவை உடனே ஓடவில்லை; எங்கே ஓடுவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. சத்தம் வந்த பக்கத்தைப் பார்த்தன, அவளைப் பார்த்தன. அப்புறம்தான் மலைப் பக்கம் ஓடின. வெர்னா அழுதாள். ஆர்லோ பார்க்காததுபோல் கத்தியைத் தீட்டினான்.

அவள் போய் வண்டியைக் கொண்டுவர, கறியை ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். அவள்தான் ஓட்டினாள். மேல் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஆர்லோ தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா... கேட்டைச் சாத்தாம வந்துட்டீங்க."

அவள் பிரேக்கை மிதித்தாள். கண்ணாடியில் பார்த்தாள். கேட்டு அகலத் திறந்து கிடந்தது. ஆர்லோ இறங்கிப் பின்னால் நடந்தான். கேட்டைச் சாத்தி, சங்கிலியை மாட்டி, இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து வண்டியில் ஏறினான்.