பத்து விரலுக்கும் அப்பளம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் யாழினிக்கு ஐந்து வயது முடிந்தது. பார்ட்டிக்கு என்ன தீனி வைக்கலாம்? அதற்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டில் இதே பேச்சு.

யாழினி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "குடல்."

பயப்படாதீர்கள், ஆட்டுக்குடல் இல்லை. எண்ணெயில் போட்டால் குழல் மாதிரி உப்பி வருமே, மஞ்சளும் ரோஸுமாக... விரலுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கடிப்போமே, அந்தக் குடல் அப்பளம்.

"முடியவே முடியாது" என்றேன். காரணம், அவளோடு படிக்கும் கவினின் அம்மா. மைதா கூடாது, சர்க்கரை கூடாது, பொரித்தது கூடாது என்று பள்ளி அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பாடம் நடத்துபவர். போன மாதம் ஒரு வீட்டில் பப்ஸ் வைத்தார்கள். பார்ட்டி முடிவதற்குள், "எந்தக் காலத்து எண்ணெயோ..." என்று மெசேஜ் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் அதன்பிறகு குரூப்பில் வாயே திறக்கவில்லை. அந்தக் கதி எனக்கு வேண்டுமா?

ஆகவே கம்பு லட்டு, பேரீச்சை உருண்டை, பச்சைப்பயறு சுண்டல் என்று அறிவித்தேன்.

யாழினி அழவில்லை. "அப்ப எனக்குப் பொறந்தநாளே வேணாம்மா" என்று சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"பிள்ள ஆசப்பட்டது அது ஒண்ணுதான? பொரிச்சுக் குடுத்தா என்ன?" என்றார் கணவர்.

"கவின் அம்மா வந்து உக்காந்திருக்கையில, முன்னாடி குடலைப் பொரிச்சு வைக்கச் சொல்றீகளா?"

கடைசியில் ஓர் ஒப்பந்தம். அருப்புக்கோட்டை பஜாரில் ஒரு பாக்கெட் வாங்கிப் பொரித்து, தூக்குவாளியில் போட்டு அடுக்களையில் ஒளித்துவைப்பது. எல்லோரும் போன பிறகு யாழினி தின்னலாம். சம்மதம் என்று கட்டிலுக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்தது.

பார்ட்டியில் கவின் அம்மா கம்பு லட்டை மெச்சினார். பிள்ளைகளோ ஆளுக்கொரு கடி கடித்துவிட்டு அப்படியே தட்டில் வைத்தார்கள். ஒருத்தன் சுண்டலை ஜன்னல் வழியாகக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று அடுக்களைப் பக்கம் போன கவின் அம்மா திரும்பி வரவில்லை. கேக் வெட்ட வேண்டுமே... நானும் யாழினியும் தேடிப் போனோம்.

தூக்குவாளி திறந்து கிடக்கிறது. கவின் அம்மாவின் பத்து விரலிலும் அப்பளம்! வாயில் இன்னொன்று.

 யாழினி கிட்டே போய்ப் பார்த்தாள். "ஆன்ட்டி, கட்டை வெரல்ல அமுக்காதீங்க, ஒடஞ்சிரும். பெருசாப் பாத்து எடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து என் கணவர் உள்ளே வந்தார். விவரம் புரியாமல், "வணக்கம் மேடம், வாங்கன்னு கூடச் சொல்லல பாருங்க" என்று கும்பிட்டார். பழக்கதோஷம் — கவின் அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டார். அப்பளமெல்லாம் நொறுங்கித் தரையில்!

சத்தம் கேட்டு ஓடி வந்தான் கவின். "ம்மா, இது கெட்டதுன்னு சொன்னீங்க?"

கவின் அம்மா வாயில் இருந்ததை விழுங்கினார். "இது திங்கிறதுக்கு இல்லடா... வெளையாட்டுச் சாமான்."

"அப்ப நானும் வெளையாடுறேன்!"

அவ்வளவுதான். தூக்குவாளி கூடத்துக்குப் போனது. ஒவ்வொரு பிள்ளைக்கும் யாழினியே விரல் விரலாக மாட்டிவிட்டாள். அவளுக்கென்று வைத்தது போகிறதே என்று நான் தவித்தேன். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை!

யோசித்துப் பாருங்கள். பிறந்தநாள் தீனியைப் பிள்ளைகளுக்காகவா தேர்ந்தெடுக்கிறோம்? மற்ற அம்மாக்களுக்காக. அந்த மற்ற அம்மாக்களும் பாவம், நமக்கு முன்னால் நாக்கைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது கவின் அம்மா ஸ்கூட்டரை நிறுத்தி, என் காதருகே குனிந்தார். "பஜார்ல எந்தக் கடைங்க?"

சொன்னேன்.

"இப்பத் தொறந்திருக்குமா?"