படித்துறைக்குச் சணல் சாக்கு

நாளைக்குத் தீர்த்தத் திருவிழா. நான் சாக்கு தேடிக்கொண்டிருக்கிறேன். பள்ளிவாசலுக்குப் போகிற நிந்தவூர்க்காரனுக்கு ஆற்றங்கரைக் கோயில் தீர்த்தத்தில் என்ன வேலை என்பீர்கள். என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள், கையில் அகப்பையோடு. என் கடையின் பின்னறையில் பழைய சணல் சாக்கு ஒன்றை இழுத்தேன். தவிட்டு வாசம் மூக்கில் ஏறியது. சாக்கை முகர்ந்து கலங்குகிற ஆள் இந்தக் கரையோரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இளவயதில் நெல் ஆலையில் மூட்டை நிறுக்கிற வேலை எனக்கு. அங்கே மூட்டை தூக்குகிற தங்கராசா, வருடத்துக்கு ஒருமுறை சாமி தூக்குவான். என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பான். தீர்த்தத்தன்று சாமியைத் தோளில் சுமந்து படித்துறையால் ஆற்றுக்குள் இறங்குவார்கள். அந்தக் கருங்கற் படிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்து நடுவில் குழி விழுந்திருக்கும். பாதத்தை வைத்தால் கல் பிடித்துக்கொள்ளும். வயலால் வரும்போது நானும் அங்கே சேறு கழுவியிருக்கிறேன்.

ஒரு வருடம், தீர்த்தத்துக்கு முதல் நாள், தங்கராசா முகம் வெளிறி ஆலைக்கு வந்தான்.

"காக்கா, படிக்கெல்லாம் மாபிள் பதிச்சிட்டானுகள். வெளிநாட்டுல இருக்கிற ஒருத்தர்ட உபயமாம். மூஞ்சி பாத்துச் சவரம் எடுக்கலாம்."

"நிக்கேலுமா அதுல?"

"கொக்குக் கூட நிக்காது."

போய்ப் பார்த்தேன். படிக்குப் படி பளபளவென்று சலவைக்கல். நிபுணன் மாதிரி ஒரு காலை வைத்தேன். மறுகணம் ஆற்றுக்குள் கிடந்தேன். ஆராய்ச்சியின் முடிவு ஒரு கிழமை இடுப்பில் இருந்தது. சாமியோடு தங்கராசா விழுந்தால்?

மழை நாளில் லொறிக்கு ஏறும் பலகையில் நனைந்த சணல் சாக்கை விரிப்பது எங்கள் ஆலை வழக்கம். முதலாளி ஹாஜியாரிடம் கேட்டேன். "கொண்டு போ மனே. நல்லா நனைச்சு விரி. காஞ்ச சாக்கு ஆளையும் இழுத்துட்டுப் போயிரும்," என்றார்.

விடியற்காலையில் விரித்து முடித்தோம். மேளம் நெருங்கும்போதுதான் அந்த வாசம் வந்தது. கருவாடு! சந்தைக்குக் கருவாடு சுமந்த சாக்கு ஒன்று கலந்துவிட்டிருக்கிறது. ஊரே பார்க்க, ஒவ்வொரு படியாகக் குனிந்து முகர்ந்தேன். கும்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு அம்மா திருநீறு நீட்டினார். அதற்குள் சாமி வந்துவிட்டது. தங்கராசாவின் காதருகே போனேன்.

"டேய், கருவாட்டுச் சாக்கு ஒண்டு கலந்திட்டுடா. நாறுது."

"சாமி எங்க போறார் காக்கா? மீனுக்குள்ளதானே. வழிய விடுங்க."

இறங்கினான். சாக்கு அவன் காலைப் பிடித்துக்கொண்டது.

பழமையைப் பாதுகாக்கிற திணைக்களத்தார் இத்தனை காலம் கழித்து இந்த வருடம்தான் வந்தார்கள், மாபிளைக் கழற்றிப் பழைய படியை மீட்க. நானும் தங்கராசாவும் கலியாண வீட்டுக்குப் போவது போல் போய் நின்றோம். ஒரு மாபிளைப் பெயர்த்தார்கள். கல் இருந்தது, குழி இல்லை. மாபிள் சமமாக உட்காரட்டும் என்று அன்றைக்கே கொத்தி மட்டமாக்கியிருக்கிறார்கள். வந்தவர்களில் ஒருவர் கல்லைக் கையால் தடவினார். பிறகு மாபிளை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

நேற்று தங்கராசா போன் எடுத்தான். "இந்த முறையும் நான்தான் முன்னுக்குத் தூக்குறன் காக்கா. முழங்கால் சொல்லுக் கேக்குதில்ல. சாக்கு கிடக்கா?"

"ஓம்டா, கிடக்கு," என்றுவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம். இறக்காமம் வரை தேடியாயிற்று. எல்லாம் பிளாஸ்டிக் சாக்கு. அதை விரிப்பதைவிட வெறும் மாபிளே மேல். சணல் என்று கையில் இருப்பது இது ஒன்றுதான். ஒரு படிக்குத்தான் காணும்.

மீதிப் படிகளுக்குக் கருவாட்டுச் சாக்குக் கிடைத்தாலும் போதும். சந்தையில் கேட்டேன். அதுவும் இப்போது பிளாஸ்டிக்கில்தான் வருகிறதாம்.