மாலை போட்ட வீட்டில் இறால் ஓடு

போன கார்த்திகையில் என் தங்கை செல்வியிடமிருந்து போன். "அண்ணே, வெரசா மலைக்கு வாங்க. சாமி லோடை எறக்கவே விடமாட்டேங்குறாரு!"

சாமி என்றால் அவள் கணவர் பாண்டி. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். லோடு? இறால் ஓட்டுப் பொடி... மூட்டை மூட்டையாக!

போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். முந்தைய வருடம் போட்ட நாற்றங்கால் மொத்தமும் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக; கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை. பட்டுப்போன செடிகளுக்குப் பதிலாக வைக்க நாற்றே இல்லை. இந்த முறையும் தவறினால் பாதித் தோட்டம் தரிசு. செல்வி சரியாகச் சாப்பிடுவதைக்கூட விட்டிருந்தாள்.

சரி, இறால் ஓடு எதற்கு? அதில் கைட்டின் என்றொரு பொருள் இருக்கிறது. வண்டின் ஓட்டிலும் அதுதான், பூஞ்சையின் உறையிலும் அதுதான், நூற்புழு முட்டையின் ஓட்டிலும் அதுதான். அதைக் கரைத்துத் தின்னும் பாக்டீரியா மண்ணிலேயே உண்டு - கொஞ்சமாக. ஓட்டைப் பொடித்துப் போட்டால் கூட்டம் பெருகும். பெருகிய கூட்டம் புழுவின் முட்டையையும் விடாது. மழைக்கால அழுகல் நோயிடம் மட்டும் இந்தப் பருப்பு வேகாது. அந்தக் கிருமியே வேறு ஜாதி, அதன் உறை கைட்டினால் ஆனதல்ல.

ஒரு சிக்கல். ஓடு மட்கும்போது கிளம்பும் அமோனியா இளம் நாற்றுக்கே ஆகாது. சில வாரம் பொறுத்துத்தான் விதைக்க வேண்டும். சாமி மாலையைக் கழற்றும்வரை காத்திருந்தால் விதைப்புப் பருவம் போய்விடும்.

நான் போனபோது ஜீப்பு வாசலில் நின்றது. நாற்றம் ஊரைக் கூட்டியது.

"பூசை வைக்கிற எடத்துல கவுச்சியா மச்சான்? நீங்களே சொல்லுங்க!"

"சாமி, நீங்களா திங்கப் போறீக? மண்ணுல இருக்குற கிருமிதான திங்குது?" என்றேன். முறைத்தார்.

செல்வி கையுறையை மாட்டினாள். "சாமி, விரதம் உங்களுக்கு. மண்ணு மாலை போடல. அது தெனமும் வண்டையும் பூச்சியையும் தின்னுக்கிட்டுத்தேன் கெடக்கு. ஒதுங்கி நில்லுங்க."

மூட்டைகள் நேரே பாத்திக்குப் போயின. சாமி நாற்றம் வராத பக்கமாகப் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்தே குரல்... "ஓரத்துலயும் தூவு ஆத்தா, விட்றாத!"

போன வாரம் மறுபடி போயிருந்தேன். பாண்டி ஒரு நாற்றைப் பிடுங்கி மண்ணை உதறினார். வெள்ளை வெளேரென்று வேர். இன்னொன்று... அதிலும் முடிச்சு இல்லை. செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

பாண்டி நாற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தீகளா மச்சான், நான் இருந்த விரதம் சும்மா போகல!"

செல்வி அடுத்த பாத்திக்கு நகர்ந்து களை பிடுங்க ஆரம்பித்தாள்.

யார் பெயர் வாங்கினாலும் பாக்டீரியா கண்டுகொள்ளாது. பெண்டாட்டிகளும் அப்படித்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்!