அத்தான் கிட்டார் வாங்குகிறார்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவர் முழுக்கக் கிட்டார்கள், கழுத்தில் மாட்டித் தொங்குகின்றன. இடப்பக்கம் அக்கூஸ்டிக், அதாவது நடுவயிற்றில் ஓட்டை உள்ள மரக் கிட்டார். வலப்பக்கம் எலெக்ட்ரிக், ஓட்டை இல்லாமல், தட்டையாக, பளபளவென்று. அத்தான் இடப்பக்கம் நகர்வார், உதட்டைப் பிதுக்குவார். வலப்பக்கம் நகர்வார், அங்கேயும் பிதுக்குவார். எதையும் தொடமாட்டார். இது சனிக்கிழமை காலை. போன சனிக்கிழமையும் இதே கதைதான். அதற்கு முந்தைய சனிக்கிழமைகளைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நான் அவருடைய மைத்துனன். என் அக்காவைக் கட்டியவர் அவர். என்னிடம் கார் இருக்கிறது. அவரிடம் இல்லை, ஏனென்றால் எந்தக் கார் நல்லது என்று அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் சனிக்கிழமைதோறும் அவரை இசைக்கருவிக் கடைக்கு ஏற்றிக்கொண்டு போவதும், வெறுங்கையோடு இறக்கிவிடுவதும் என் தலையில் விழுந்தது.

தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலையில் அத்தான் தர ஆய்வாளர். மேஜைக்கு வரும் பம்பைத் திருப்பிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், குறை இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாகத் தள்ளுவார். அதற்குத்தான் சம்பளம். குறையே இல்லாத பம்பு வந்துவிட்டால் முகம் வாடிப்போகும். "நல்லாத்தான் இருக்கு. அதான் யோசனையா இருக்கு" என்பார். தொழிற்சாலையில் இந்தக் குணத்துக்காக அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

கழற்றுவதில்லை. குடை வாங்கக் கிளம்பினார் ஒரு மழைக்காலத்தில், வாங்கி வந்தார் அடுத்த மழைக்காலத்தில். நடுவில் கொளுத்தும் வெயிலில் ஒரு கடை வாசலில் குடையை விரித்து வைத்துக்கொண்டு, "ஓரத்துல ஒழுகுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவர் சட்டென்று எடுத்த ஒரே முடிவு என் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டதுதான் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. அதையும் அவருடைய அப்பாதான் எடுத்தார்.

அக்கா நேரெதிர். அவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எதிரே உட்கார்ந்தவர் "வலிக்குமா?" என்று வாயெடுப்பதற்குள் குத்தி, எடுத்து, பஞ்சை வைத்து அழுத்தி, "அடுத்த ஆள்" என்று கூப்பிட்டிருப்பாள். இவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத சங்கதி.

கிட்டார் எங்கிருந்து முளைத்தது என்று சொல்லிவிடுகிறேன். போன கல்யாண நாளன்று வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தோம். "அக்காவுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க அத்தான்?" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான்தான் கேட்டேன். அவர் ஒன்றும் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்த சிரிப்பில் ரோஷம் வந்து எழுந்து நின்றார். "அடுத்த வருஷம் இதே நாள், இதே இடத்துல, இவளுக்காக கிட்டார்ல ஒரு பாட்டு வாசிக்கிறேன். இவ துணி மடிக்கும்போது முனகுவாளே, அந்தப் பாட்டு." கிட்டாரை அதுவரை அவர் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை.

நாங்கள் கைதட்டிவிட்டு அன்றைக்கே மறந்துபோனோம். அக்கா மறக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னாள். "எனக்காகன்னு வாயத் தொறந்து அவர் சொன்னது இது ஒண்ணுதான்டா. நீ கூட இருந்து எப்படியாவது வாங்க வச்சுடு." என் அக்கா யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அதனால்தான் காரை எடுத்தேன்.

அத்தான் ஆராய்ச்சியில் இறங்கினார். ஒரு வாரம் அக்கூஸ்டிக் பக்கம் பேசுவார். "கம்பி தடிமன் மாப்ளே. முதல்ல கஷ்டப்பட்டாத்தான் விரல் உறுதியாகும். கரன்ட்டு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், எடுத்தோமா வாசிச்சோமான்னு போயிடலாம்." அடுத்த வாரம் எலெக்ட்ரிக்குக்குக் கட்சி மாறியிருப்பார். "கம்பி மெல்லிசு, கழுத்தும் ஒல்லி. புதுசா கத்துக்கறவனுக்கு விரல் வலிக்காது. வலிச்சா விட்டுடுவான். விட்டுட்டா என்ன பிரயோஜனம்?" இரண்டையும் கேட்டுவிட்டு நான், "சரி, அப்போ எது அத்தான்?" என்று கேட்பேன். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அதான் யோசனையா இருக்கு." ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

வாங்காத கிட்டாருக்கு விரலை மட்டும் தயார் செய்துவிட்டார், அதுதான் கொடுமை. கம்பியை அழுத்தி அழுத்தி விரல் நுனி காய்த்துப்போனால் பிறகு வலிக்காது என்று எங்கோ கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து சீப்பின் பல், மேஜை விளிம்பு, சோபாவின் மரக்கை என்று அகப்பட்டதிலெல்லாம் இடது கை விரல்களை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கார்க் கதவின் விளிம்பையும் விட்டுவைக்கவில்லை. விரல்கள் உண்மையிலேயே காய்த்துவிட்டன. தொழிற்சாலையில் யாரோ அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பல வருஷ சாதகம் போலிருக்கு" என்றாராம். அத்தான் மறுக்கவில்லை, லேசாகத் தலையைக் குனிந்துகொண்டாராம்.

இசைக்கருவிக் கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் அத்தானுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். கொஞ்ச வாரங்களில் அந்த ஸ்டூலை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதில் தப்பே இல்லை. அத்தான், தான் வாங்காதது போதாதென்று வருகிறவர்களையும் வாங்கவிடவில்லை. முதல் கிட்டார் வாங்க வரும் எல்லாரும் திருதிருவென்று விழிப்பார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் பெரிய மனுஷரைப் பார்த்ததும், இவர் வாத்தியார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு தடவை காலேஜ் பெண் ஒருத்தி வந்து, "சார், ஆரம்பிக்கறவங்களுக்கு எது சார் நல்லது?" என்று கேட்டாள். அத்தான் மரத்தின் ஜாதியிலிருந்து ஆரம்பித்தார். ஈரக்காற்றில் கழுத்து வளைவது, கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, கம்பியை முறுக்கும் ஆணி துருப்பிடிப்பது, தோளில் மாட்டும் பட்டை அறுந்து கிட்டார் காலில் விழுவது என்று ஒன்றையும் விடவில்லை. அந்தப் பெண் கடைசியில் ஒரு மவுத் ஆர்கன் வாங்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன்.

"ஒரு தடவை கையில எடுத்துத்தான் பாருங்களேன் அத்தான்" என்று அன்றைக்குக் கெஞ்சினேன்.

"எடுத்தா, எடுத்துட்டோம்னு ஆயிடும் மாப்ளே."

திரும்பும் வழியில் ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருந்தோம். அத்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார். "அக்கூஸ்டிக்னா வீடு பூரா கேக்கும். நான் தப்புத்தப்பா தடவறதெல்லாம் உங்க அக்கா காதுல விழும். எலெக்ட்ரிக்னா வயர் சொருகாம வாசிக்கலாம், யாருக்கும் தெரியாது. இத்தனை வருஷமா ஊரான் பண்ற தப்பத்தான் எடுத்து வச்சிருக்கேன். என் தப்ப யாரும் கேட்டதில்லைடா." பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

கல்யாண நாள் நெருங்கியது. ஒரு சனிக்கிழமை அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தானே வந்து காரில் ஏறினாள். கடையில் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தாள். "எதுங்க நல்லது?" என்று கேட்டாள்.

"எத வாங்கினாலும் நல்லதுதாம்மா," என்றார் கடைக்காரர். "வாங்கினா."

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். "எது வேணும்னு நீங்களே எடுங்க, நான் வாய் தொறக்கல. ஆனா கையில ஒண்ணோட வெளிய வாங்க. நான் கார்ல உக்காந்திருக்கேன்." போய் உட்கார்ந்தும்விட்டாள்.

அத்தானுக்கு வியர்த்துவிட்டது. இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார், வாசலுக்கு வெளியே காரைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கைகள் பிரிந்தன. சிவப்பு நிற எலெக்ட்ரிக் ஒன்றைப் பூனைக்குட்டியை எடுப்பதுபோல் எடுத்தார். நானும் கடைக்காரரும் மூச்சுவிடவில்லை. "இது இருக்கட்டும்" என்றார்.

"ஆம்ப்?" என்றார் கடைக்காரர். எலெக்ட்ரிக் கிட்டார் தானாகச் சத்தம் போடாது. ஒரு வயரைச் சொருகி, ஒலியைப் பெரிதாக்கும் பெட்டியில் இணைத்தால்தான் ஊருக்குக் கேட்கும். அந்தப் பெட்டிதான் ஆம்ப். அவை ஒரு மூலையில் சின்னதும் பெரியதுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. அத்தான் அந்த மூலையைப் பார்த்தார். அவர் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்ததை நான் கவனித்தேன்.

"அத தனியா பாக்கணும் மாப்ளே," என்றார். "அவசரப்பட்டு வாங்கற சாமானா அது?"

அதற்குப் பிறகு சாயங்காலமானால் படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். அக்கா கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது. "வாசிக்கிறாரா தூங்குறாரான்னே தெரியலடா" என்று போனில் என்னிடம் குறைப்பட்டாள். கதவைத் தட்டினால், "அன்னிக்குக் கேக்கலாம், அன்னிக்குக் கேக்கலாம்" என்று குரல் மட்டும் வருமாம். சனிக்கிழமைகளில் நாங்கள் ஆம்ப் பார்க்கப் போய்வந்தோம்.

அந்த நாளும் வந்தது. கூடத்தில் சொந்தக்காரர்கள், தொழிற்சாலைக்காரர்கள், ஆவல் தாங்காமல் வந்துவிட்ட கடைக்காரர் என்று நாற்காலிகள் நிறைந்துவிட்டன. காய்த்த விரலைப் பிடித்துப் பார்த்தவர் முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் "பெரிய கை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, சிவப்புக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டார். கடைக்காரரின் கண் கூடம் முழுக்கத் தேடியது.

"பெட்டி எங்கங்க?"

"ரெண்டுல எதுன்னு முடிவாகல," என்றார் அத்தான். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். அத்தான் வாசிக்கத் தொடங்கினார். விரல்கள் ஓடின, புருவம் ஏறியிறங்கியது, உதடுகள் கணக்குப் போட்டன. கூடத்தில் ஏதோ டிக் டிக்கென்று முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. ஒருவர் எழுந்து மின்விசிறியை நிறுத்தினார். இப்போது ஃப்ரிட்ஜ் உறுமுவது தெளிவாகக் கேட்டது. பெரியப்பா ஒருவர், "ஆரம்பிச்சாச்சா?" என்று விசாரித்தார். பின்வரிசையில் செல்போன்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன்வரிசைத் தொழிற்சாலைக்காரர் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டி, யாரும் கூடத் தட்டாததால் கையைத் துடைத்துக்கொண்டார். அத்தான் நிமிரவே இல்லை, காது நுனிவரை சிவந்திருந்தார். எனக்கு ஆத்திரமும் அவமானமுமாக இருந்தது. ஒரு வருஷம் காத்திருந்தவளுக்கு இதுதானா? அக்கா முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்தாள். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவருக்குப் பக்கத்தில் ஒட்டிப் போட்டாள். வலது காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே குனிந்து, கிட்டார் மரத்தின்மேல் காதை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அத்தான் நிறுத்தினார். பாதங்களைச் சரிசெய்துகொண்டு, பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.