ஒண்ணும் ஆவாது சிஸ்டர்

தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள் நேற்று மஞ்சக்குப்பம் கடையிலிருந்து வெட்டிய கொத்தவரங்காய் பாக்கெட் ஒன்று வாங்கி வந்தாள். பிரித்ததும் அந்தப் பச்சை நெடி அடித்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. கடலூர் மாவட்டத்திலேயே கொத்தவரங்காய்க்குப் பயப்படுகிற ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். புதுச்சத்திரம் வருவதற்குள் பக்கத்து ஆள் தோளில் தூங்கி விழுந்து இடி வாங்கியிருப்பேன். பிரசவ வார்டில் எனக்குப் பெயரே ‘ஒண்ணும் ஆவாது சிஸ்டர்’. ஊசிக்குப் பயந்தாலும் சரி, வலியில் கத்தினாலும் சரி, கேட்பதற்கு முன்பே அது என் வாயிலிருந்து வந்துவிடும். அந்த வாயோடுதான் என்னை மனநல வார்டுக்கு மாற்றினார்கள்.

அங்கே கவிதா இருந்தாள். குமராட்சிப் பக்கம், நடவு வேலைக்குப் போகிற குடும்பம். முதல் பிள்ளை பிறந்த பிறகு அவளுக்குள் ஓர் எண்ணம் புகுந்துகொண்டது: அருவாமணையைப் பார்த்தாலே, இதால் என் பிள்ளையை நானே வெட்டிவிடுவேனோ என்று. அதற்கு நடுங்கி முதலில் சமையலை விட்டாள், பிறகு பிள்ளையைத் தூக்குவதையே விட்டாள்.

“இவகிட்ட எப்பிடிங்க நம்பி உடறது? புள்ளைய நானே வளத்துக்குறேன். இவ அவுங்க அம்மா ஊட்டுக்கே போவட்டும்” என்று மாமியார் வார்டு வாசலில் நின்று சொல்லிவிட்டார். வெளியே சொல்லவில்லையே தவிர, நானும் மாமியார் பக்கம்தான்.

வார்டு டாக்டரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “இது ஓ.சி.டி. சிஸ்டர், வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து படுத்துற நோய். அந்த எண்ணத்த வெறுக்குறதாலதான் இப்பிடி நடுங்குறா. செய்யணும்னு நெனைக்கிறவ நடுங்க மாட்டா.”

கவிதா என் பின்னாலேயே வருவாள். “சிஸ்டர், புள்ளைய ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?” நான் என் பழைய பாட்டைப் பாடுவேன். முகம் தெளியும். அடுத்த கட்டிலில் பி.பி. பார்த்து முடிப்பதற்குள் மறுபடி வந்து நிற்பாள்.

“நீங்க சொல்ற ஒவ்வொரு ஒண்ணும் ஆவாதும் அந்த நோய்க்குத் தீனி” என்றார் டாக்டரம்மா. “இனிமே தெரியாதுன்னு சொல்லுங்க. ஆனா கூடவே இருங்க.” நர்ஸின் வாயைக் கட்டிவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மாத்திரையோடு பயிற்சியும் நடந்தது. முதலில் அருவாமணையைப் பார்க்க வேண்டும், அப்புறம் தொட வேண்டும், அப்புறம் காய் நறுக்க வேண்டும். கடைசியில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நறுக்க வேண்டும். அதற்கு டாக்டரம்மா சொன்ன காய்தான் கொத்தவரங்காய். மெல்லிசுக் காய், நறுக்க நறுக்க லேசில் தீராது. பயம் ஏறி, அதுவாக இறங்குகிறவரை எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் வைத்தியம்.

அன்று மாமியார் மினி பஸ்ஸில் பிள்ளையோடு வந்தார். வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வார்டு ஆயாம்மா தன் வீட்டு மடக்கு அருவாமணையைக் கொண்டுவந்திருந்தார். பாயில் பிள்ளை தூங்கியது, பக்கத்தில் கவிதா, கை எட்டுகிற தூரத்தில் நான். டாக்டரம்மா ஜன்னலோரம் நின்றார். மாமியார் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் சொன்னது தப்பாகப் போய்விட்டால்?

“சிஸ்டர், ஒண்ணும் ஆவாதுல்ல?”

நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினேன். “தெரியாதும்மா. நான் இங்கதான் இருக்கேன்.”

அழுதாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நறுக்கினாள். பாதிக் காய் தீர்ந்தபோது கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அப்போதுதான் பிள்ளை விழித்தது. புரண்டு, பளபளக்கிற அருவாமணையைப் பார்த்துவிட்டு அதை நோக்கித் தவழ்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமியார் “ஐயோ” என்று அலறினார். கவிதா சட்டென்று அருவாமணையை மடக்கி அப்பால் தள்ளி, பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

“எங்கடா வர்ற? கை போயிடும், எரும!”

திட்டிவிட்டு அவளே திகைத்துப் போனாள். எத்தனையோ மாதம் கழித்துப் பிள்ளையைத் தொட்டிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எண்ணம் அடியோடு போகவில்லை. வந்தாலும் அதோடு வேலை பார்க்கப் பழகிக்கொண்டாள். டிஸ்சார்ஜ் ஆகிப் போன அன்று மாமியார் மினி பஸ்ஸில் முதலில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளை கவிதாவின் இடுப்பில்தான் இருந்தது.

அந்த அறையை இடித்துவிட்டார்கள். ஆயாம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை அந்தப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட இப்போது ஆளில்லை.

நேற்று என் மகள் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அம்மா, பிரசவத்துல ஒண்ணும் ஆவாதுல்ல?”

“தெரியாதும்மா. நான் இங்கதான் இருக்கேன்.”

“நீயெல்லாம் ஒரு நர்ஸு!” என்று முறைத்தாள். பயந்திருந்தாள். எனக்கும்தான் பயம். இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து, அது இறங்குகிறவரை நறுக்கலாம் என்று பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். எல்லாவற்றையும் கடையிலேயே வெட்டி வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.