நீலச் சீட்டு

மதியச் சாப்பாடு முடிந்ததும் அஞ்சலாட்சி டப்பாவை உடனே கழுவிவிட மாட்டாள். அடியில் நாலைந்து பருக்கைகளை விட்டு வைப்பாள். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்குவாள். அதைச் சின்ன வண்ணச் சீட்டின் முதுகில் தடவி, அட்டையின் வலது மூலையில் வைத்து, நகத்தால் ஒரு கீற்று இழுப்பாள். ஒட்டிக்கொள்ளும். ஆபீஸ் கோந்துப் புட்டி காய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவள் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒவ்வொரு நம்பருக்கும் ஓர் அட்டை உண்டு. அந்த நம்பர் எந்த வழியாக வெளியூருக்குப் பேசலாம் என்பதை அட்டையின் சீட்டு சொல்லும். மஞ்சள் என்றால் கடலூர் வழி. பச்சை என்றால் விழுப்புரம் வழி. நீலம் இருந்தால்தான் மதராஸ் லைன். அது ஆசுபத்திரி, போலீஸ், பெரிய மில்கள் என்று கொஞ்சம் பேருக்குத்தான். மேலலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். அவள் சீட்டு வெட்டி, ஓரத்தில் நம்பரையும் தேதியையும் பென்சிலால் எழுதி, பழைய சீட்டின் மேலேயே ஒட்டுவாள். பட்டியல் திரும்பிப் போய்விடும். ஒரு நாளைக்கு நாற்பது சீட்டுகூட ஒட்டியிருக்கிறாள். எந்த நம்பருக்கு எது என்பது கைக்குத்தான் தெரியும், தலைக்குத் தெரியாது.

மற்ற நேரமெல்லாம் காதில் ஹெட்போன். பதினாறு வருஷம். "அல்லோ" என்று பிரெஞ்சுக்காரன் மாதிரி ஆரம்பிக்கிற கிழட்டுக் குரல்கள், கத்துகிற குரல்கள், அழுகிற குரல்கள். வலது காதில் ஓர் இரைச்சல் வந்து குடியேறியிருந்தது. முத்தியால்பேட்டை வீட்டில் அடுப்பங்கரையில் நிற்கும்போதும் அது கூடவே நிற்கும். அந்த வருஷம், எழுபத்தெட்டில், சூப்பர்வைசர் பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் முதலில் இருந்தது. மார்கழியில் உத்தரவு வரும். வந்தால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடலாம். அவள் வேண்டியது அவ்வளவுதான்.

ஐப்பசிக் கடைசியில் மூன்று நாள் விடாத மழை. கடலூர் லைன் காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஸ்விட்ச்போர்டில் வீராம்பட்டினத்து மீனவர் சங்கத்து விளக்கு எரிந்தது. சங்கத்துக் கணக்குப்பிள்ளை கண்ணையன். குரலை வைத்தே தெரியும்.

"அக்கா, காரைக்கால் ஹார்பர் ஆபீஸ் போடு. ரெண்டு படகு, ஆறு பேரு, முந்தாநேத்து போனவங்க. தண்ணி தெக்கால இழுக்குதுக்கா."

"கடலூர் லைன் இல்ல கண்ணையா."

"மதராஸ் சுத்திப் போடேன்."

அஞ்சலாட்சி அட்டையை உருவிப் பார்த்தாள். "உன் அட்டையில மஞ்சதான் இருக்குது."

"மஞ்சளா? இங்க ஆறு பொம்பளைங்க மஞ்ச பூசிக்கினு நிக்கிறாங்க. வந்து பாக்குறியா?"

பின்னால் பெண்களின் குரல் கேட்டது. அழுகை இல்லை. யாரோ யாரையோ, "சும்மா இருடீ, பேச வுடு" என்று அதட்டினார்கள்.

பக்கத்து நாற்காலி தையல்நாயகி ஹெட்போனை விலக்கிக் குனிந்தாள். "ஆசுபத்திரி நம்பர்ல டிக்கெட் எழுதிடு. எல்லாரும் செய்றதுதான? எவன் பாக்கப் போறான்?"

உண்மைதான். அவசரமென்றால், ஒவ்வொரு அழைப்புக்கும் எழுதுகிற டிக்கெட்டை நீலம் உள்ள ஏதாவது ஒரு நம்பரின் பேரில் எழுதிவிடுவது அங்கே வழக்கம். அஞ்சலாட்சிக்கு அன்றைக்கு ஏனோ அதற்குத் தெம்பில்லை. ஒரு பொய்யை எழுதிவிட்டு அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். பிளக்கை எடுத்து மதராஸ் லைனில் சொருகினாள். டிக்கெட்டில் சங்கத்து நம்பரையே எழுதினாள்.

மதராஸ், அங்கிருந்து திருச்சி, அங்கிருந்து காரைக்கால். முப்பத்தைந்து நிமிஷம் ஒவ்வோர் ஊராகப் பிடித்துத் தள்ளினாள். கடைசியில் தூரத்தில் ஒருவர், "ஆமாங்க, காலையில ஒதுங்கினாங்க. ஆறு பேரும் இருக்காங்க. கஞ்சி குடுத்திருக்கோம்" என்றார். வீராம்பட்டினத்துப் பக்கம் எழுந்த கூச்சலில் அவள் ஹெட்போனைக் காதிலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் ஜானகிராமன் டிக்கெட்டுகளை அட்டைகளோடு வைத்துப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. எதிலும் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்பதே அவருடைய பயம்.

"இதுல நீலம் எங்கம்மா?"

"இல்ல சார்."

"இல்லாமலே போட்டியா? வேற நம்பரு எழுதியிருந்தா நானும் கண்ணை மூடிக்கினு போயிருப்பேனே. இப்படிப் பச்சையா எழுதி வச்சிருக்கியே!"

"ஆறு பேரு சார்."

"அத நான் இல்லன்னு சொன்னேனா? அட்டையக் கேப்பாங்க. நான் என்னத்தக் காட்டுறது?"

மெமோ வந்தது. விளக்கம் எழுதினாள். மேலலுவலகத்தில் அட்டையைத்தான் கேட்டார்கள். அட்டையில் மஞ்சள் இருந்தது. மார்கழி உத்தரவில் தையல்நாயகியின் பெயர் வந்தது. அவள் அன்றைக்கு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "போ, போய் உக்காரு. உனக்காவது காது மிஞ்சட்டும்" என்றாள் அஞ்சலாட்சி.

அதற்கு முந்தின மாதமே, கண்ணையன் ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தான். வீட்டுக்காரர் மலைக்கு மாலை போட்டிருந்தார். கூடையைப் பிரிக்காமலே எதிர்வீட்டுக்குக் கொடுத்தாள். எதிர்வீட்டில் மூன்று நாள் மீன் வாசனை.

பிறகு ஏழு வருஷம் அதே நாற்காலி. இரைச்சல் இடது காதுக்கும் வந்தது. யாராவது கூப்பிட்டால் முகத்தைத் திருப்பி வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்.

எண்பத்தைந்தில் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. அட்டைகளுக்கு வேலை இல்லை. கட்டுக் கட்டாகக் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னார்கள். கட்டியவளும் அவள்தான். சங்கத்து அட்டைக்கு முன்னால் இருந்த அரிசி மண்டி அட்டை தனியாக வரவில்லை; இரண்டும் ஒட்டிக் கிடந்தன. நகத்தை விட்டுப் பிரித்தாள். மழைக்காலத்து ஈரத்தில் இளகி, நழுவி, மண்டி அட்டையின் முதுகில் ஒட்டிக் காய்ந்திருந்தது ஒரு நீலச் சீட்டு. சோற்றுக் கறை மஞ்சளாகி இருந்தது. ஓரத்தில் பென்சிலில், அவள் கையெழுத்தில், சங்கத்து நம்பர். தேதி, கண்ணையன் கூப்பிட்ட நாளுக்குப் பதினோரு நாள் முந்தியது.