அறையை விட்டு வெளியே வராத நல்ல பிள்ளை

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் தரவில்லை.

இதையெல்லாம் ஒரு பத்தியாக எழுதுவதா என்று கேட்காதீர்கள். நம்மவர் வீடுகளில் மீற்றர் பார்க்க வருகிறவருக்கே பிளேன்டீ கிடைக்கும். இதுவோ நான் வேலைக்குப் போன காலத்திலிருந்து போய்வரும் வீடு. என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்த நண்பரின் வீடு. நான் கதிரையில் இருப்பதற்குள் குசினிக்குள் கேத்தல் சத்தம் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. நண்பர் தன் மகளின் போனை என் கையில் தந்தார். "இதை ஒருக்காப் பாருங்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை...

போனில் அவருடைய மகளின் படம். துளசி என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சொந்தப் பெயரை எழுதும் உரிமை இனி எனக்கு இல்லை. ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். படத்தில் மஞ்சள் சேலை, கொஞ்சம் கூச்சமான சிரிப்பு. கலியாணப் பேச்சுக்கென்றே ஸ்டூடியோவில் எடுத்த படம். அதன் கீழே யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: 'வயசு இருபத்தெட்டு. எக்ஸ்பயரி முடிஞ்ச சாமான். இதுக்கும் ஃபொரின் மாப்பிள்ளை வேணுமாம்.' அதற்குக் கீழே முகம் தெரியாத ஆண்கள் வரிசையாக வந்து மார்க் போட்டிருந்தார்கள். பத்துக்கு மூன்று. பத்துக்கு இரண்டு. இரண்டு போட்டவருக்கு நிறையக் கைதட்டல். மிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

அது 'சிங்கக் குகை' என்று போனில் நடக்கும் ஒரு குழுவாம். துளசியோடு வேலை செய்யும் ஒருவர் கண்டுவிட்டு அவளிடம் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் கந்தோரில் இன்னும் எத்தனை பேர் கண்டார்களோ? அவள் அந்த வாரம் முழுக்க லீவு. நான் போயிருந்தபோதும் அறைக்குள்தான் இருந்தாள், வெளியே வரவில்லை.

படம் அங்கே எப்படிப் போனது? கண்டுபிடிக்கப் பொலிஸ் தேவையில்லை. நண்பர் அதை ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பியிருந்தார் — எனக்கு. நான் அதை ஒரே ஒரு வீட்டுக்குத்தான் அனுப்பியிருந்தேன்.

பொருத்தம் பேசுவது எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். ஓய்வு பெற்றவன், நாலு பேரைத் தெரிந்தவன், பத்திரிகையில் வேறு எழுதுகிறவன்... விடுவார்களா? எனக்கும் உள்ளூர ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது. அப்படித்தான் ரமணனைப் பற்றி — இதுவும் நான் வைத்த பெயர் — நண்பரிடம் பேச்செடுத்தேன். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில், எங்களுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கிறான். அப்பா காலமாகிவிட்டார், அம்மா இந்திரா அக்கா மட்டும்தான். வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்குக் கம்ப்யூட்டர் வேலை.

நண்பரிடம் நான் கொடுத்த சான்றிதழ் இதுதான்: "தங்கமான பெடியன். குடி இல்லை, சிகரெட் இல்லை. வேலை முடிஞ்சாலும் ரூமுக்குள்ளதான். வெளியில தலை காட்டமாட்டான்."

மகள் கதவைச் சாத்திக்கொண்டு போனும் கையுமாக இருந்தால் 'ஆரோட கதைக்கிறாள்' என்று போய்த் தட்டுவோம். மகன் அதையே வருடக்கணக்காகச் செய்தால் அமைதியான பிள்ளை! என் மனைவி மட்டும் அப்போதே கேட்டாள். "அந்தப் பெடியன் ஆரோடையும் சிரிச்சுக் கதைச்சு நீங்கள் கண்டிருக்கிறியளோ?" அதுதானே நல்லது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

சாதகம் பொருந்தியது. பிறகு நம் வழக்கப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலி வீதிக் கோயிலில் இரு வீட்டாரும் 'தற்செயலாக'ச் சந்தித்தோம். நாங்கள் பெரியவர்கள் பிரகாரத்தில் மெதுவாக நடக்க, பிள்ளைகள் இருவரையும் சற்று நேரம் கதைக்க விட்டோம். வெளியே வந்த ரமணன் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. துளசி செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

அடுத்த நாள் நண்பர் போன் எடுத்து, "பொருத்தம் சரிவரேல்லை எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். நம் ஊரில் 'பிள்ளைக்கு விருப்பமில்லை' என்பதற்கு இதுதான் மரியாதையான சொல். நானும் இந்திரா அக்காவிடம் அப்படியே ஒப்புவித்தேன். பொருத்தம் பார்த்த பிறகுதானே கோயிலுக்கே போனோம்? அது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைக்கு ஏன் விருப்பமில்லை என்று நண்பரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. துளசியைக் கேட்பதா? அந்த நினைப்பே வரவில்லை.

போன சனிக்கிழமைதான் நண்பர் அதைச் சொன்னார். கோயிலுக்குள் வைத்து ரமணன் அவளிடம் எத்தனை ஆண் சிநேகிதர்கள் என்று கேட்டானாம். வேலையை எப்போது விடுவாய் என்றானாம். இருபத்தைந்து தாண்டிய பெண்ணுக்குப் பெறுமதி இறங்கத் தொடங்கும், தெரியுமா என்றானாம். சுவாமியைச் சுற்றிக்கொண்டே!

கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பி வந்ததும் நேரே மூன்றாம் மாடிக்குப் போனேன். இந்திரா அக்காவிடம் ஏதோ கம்ப்யூட்டர் சந்தேகம் என்று பொய் சொன்னேன். வெளியே நல்ல வெயில், அவன் அறைக்குள் திரை மூடி ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் மத்தியானச் சாப்பாடு தொடாமல் கிடந்தது. படத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"எல்லாரும் போடுறவங்கள் அங்கிள். நானும் போட்டன்."

நான் சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. அவன் தலை குனிந்தபடியே, பொருத்தம் சரியில்லை என்று அவள் பொய் சொன்னாள்தானே என்றான். அதற்கு முந்திய இரண்டு இடங்களும் அப்படியாம். ஒரு வீட்டில் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறார்கள், மகனுக்குக் கனடா பீஆர், அதுதான் நிரந்தர வதிவுரிமை, ஏதும் இருக்கிறதா என்று. 'குகை'யின் தலைவர் எந்த ஊரோ தெரியாது, நல்ல கணீர்க் குரல். அவருடைய ஒரு வீடியோவை எனக்குப் போட்டுக் காட்டினான். பெண்கள் ஆணைக் கலியாணம் கட்டுவதில்லை, பாஸ்போர்ட்டைத்தான் கட்டுகிறார்கள் என்று அவர் முழங்கினார்.

நான் தலையாட்டினேன்.

ஓம், ஆட்டித்தான் விட்டேன்! ஒரு கணம்தான். ஏனென்றால் அதே பகிடியைக் கலியாண ஹோல்களில் சாப்பாட்டு மேசையில் நானும் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள், வடை அடுத்த கைக்குப் போகும். அந்தப் பகிடியைக் கதவைச் சாத்திவிட்டு வருடக்கணக்காக ஒரு பிள்ளை தனியே கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளைதான் என் முன்னால் இருந்தான்.

அவனோடு படித்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நெருக்கடி வருடத்தில் தொடங்கிய பயணம்... லண்டன், டொரன்டோ, மெல்பேர்ண். அம்மாவைத் தனியே விட முடியாமல் இவன் நின்றுவிட்டான். வகுப்பு வட்ஸப் குழு இருக்கிறதாம். அங்கே இப்போது பனி விழுந்த படங்களும் பிறந்தநாள் வாழ்த்தும் மட்டும்தானாம்.

"அங்க மட்டும்தான் அங்கிள், நான் ஏதாவது எழுதினா உடன பதில் வரும்" என்றான். பிறகு, "அந்தப் படம் போட்ட அண்டைக்குத்தான் எனக்கு ஆகக் கூடுதலா லைக் விழுந்தது."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் திமிர் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாவம் என்று நினைத்தால் துளசியின் முகம் வருகிறது. தனிமை ஒரு நோய் என்றால் சரி, ஆனால் மருந்துக்கு இன்னொருத்தியின் மானத்தையா அரைத்துக் குடிப்பது?

என் முன்னாலேயே படத்தை அழித்தான். இதற்குள் எத்தனை போனுக்குள் இறங்கியிருக்குமோ, அது அவனுக்கும் தெரியாது. இந்திரா அக்காவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டிலில் இருந்துவிட்டார். "வெளியில விட்டாத்தானே கெட்டுப்போவான் எண்டு நினைச்சன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாரும் தம்பி என்று சொல்லிவிட்டு வந்தேன். வரவில்லை. மனைவி சோறு கறியை ஒரு கோப்பையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்து, கொஞ்ச நேரம் அவன் அறையில் இருந்து கதைத்துவிட்டு வந்தாள். என்ன கதைத்தாய் என்று கேட்டேன். இனிப் பெண் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் பெடியன்களோடு பட்மின்டன் விளையாடப் போகச் சொன்னாளாம்.

திங்கட்கிழமை துளசிக்குப் போன் எடுத்தேன். தகப்பனைத் தாண்டி அவளோடு நான் நேரே கதைத்தது அதுதான் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டேன். பொலிசுக்குப் போவதென்றால் நான் கூட வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றாள். அவன் படத்தை அழித்துவிட்டான், நானே பார்த்தேன் என்று கொஞ்சம் தெம்பாகச் சொன்னேன்.

"சரி அங்கிள்" என்றாள். "நீங்கள் அழிச்சிட்டீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. என்னிடம் இருந்தால் என்ன பிள்ளை என்று கேட்டேன்.

"என்ட படத்துக்குக் கீழ நீங்களும்தானே எழுதி அனுப்பினீங்கள். பொது நிறம், அஞ்சடி மூண்டு, வயசு கொஞ்சம் கூட எண்டு. கோயில்ல வச்சு அவர் எனக்கு அதை அப்படியே வாசிச்சுக் காட்டினவர்."

சண்டை பிடிக்கும் குரலே இல்லை. ஒரு கணக்கைத் திருத்துவதுபோலச் சொல்லிவிட்டு, அங்கிள் வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் போனைத் திறந்தேன். 'மணமகள்' என்று பெயர் போட்டு ஒரு போல்டர் வைத்திருக்கிறேன். துளசியின் படத்தை அழித்தேன். அதற்கு முன்னால் இன்னொரு பிள்ளை சிரித்தாள், அதற்கு முன்னால் இன்னொருத்தி. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் என் எழுத்து: நல்ல நிறம். கொஞ்சம் பருமன். முப்பது, சமாளிக்கலாம்.

எல்லாம் தகப்பன்மாரும் மாமன்மாரும் அனுப்பிய படங்கள். ஒன்றைக்கூட அந்தப் பிள்ளைகள் எனக்கு அனுப்பியிருக்கவில்லை.